முந்தைய ஆளின் எண்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குக் காதக்கா என்று பெயர். பதினேழு வருஷமாக அங்கே நர்ஸ். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. பெரிய டாக்டரே ஒரு முறை நோயாளியின் குறிப்பேட்டில் ‘காதக்காவிடம் சொல்லவும்’ என்று எழுதிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அடித்தார்.

பெயர் வந்த விதம் இது. அங்கே பத்துப் படுக்கைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் சுவரில் ஒரு மானிட்டர். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் என்று நாலைந்து எண்களைக் காட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை. தாண்டினால் கத்தும். தாண்டாமலும் கத்தும். நோயாளி புரண்டு படுத்தால் கத்தும், இருமினால் கத்தும், விரலில் மாட்டிய கிளிப் நழுவினால் கத்தும். காலை ஷிப்டில் மட்டும் எழுநூறு தடவைக்குக் குறையாது. அதில் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியவை ஏழோ எட்டோ.

காதக்கா முதுகைக் காட்டி நின்று ஊசியில் மருந்தை உறிஞ்சிக்கொண்டே சொல்வாள்: “மூணு, கிளிப். எட்டு, இருமல். அண்ணே, அஞ்சைப் போய்ப் பாருங்க.” அஞ்சில் நிஜமாகவே ஏதோ நடந்துகொண்டிருக்கும். வார்டு அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் ஊழியர் அவளிடம் டீ பந்தயம் கட்டித் தோற்றுத் தோற்று, கடைசியில் பந்தயத்தையே விட்டுவிட்டார். “உனக்கு இருக்கறது காது இல்லக்கா, அது வேற ஏதோ உறுப்பு” என்பார்.

சேர்ந்த முதல் வருஷம் அவளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு சத்தமும் பிடரியில் விழும் அறையாக இருந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் வாந்தி வரும். ஒருநாள் வீட்டில் மகளின் கைப்பேசி அடித்தது. அந்தப் பாட்டின் முதல் மூன்று ஒலிகள் ஆக்ஸிஜன் குறைந்தால் மானிட்டர் போடும் மூன்று ஒலிகளைப் போலவே இருந்தன. காதக்கா அதைப் பிடுங்கி மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக வீசினாள். கீழே நின்றிருந்த ஸ்கூட்டரின் கண்ணாடி நொறுங்கியது. மகள் ஒன்பது நாள் பேசவில்லை. லேத் பட்டறையில் இருபது வருஷம் வேலை செய்து காது மந்தமான கணவர் மட்டும், “என்ன சத்தம்? யாராவது வந்தாங்களா?” என்று கேட்டார்.

பிறகு மரத்துவிட்டது. அடி வாங்கிப் பழகிய முதுகு எந்த அடி எலும்பில் படும், எது தோலோடு போகும் என்று தானே தெரிந்துகொள்வதைப் போல, காது தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டது. அவளுக்கு அதில் பெருமை உண்டு. அந்தப் பெருமையிலிருந்துதான் அந்த வழக்கமும் வந்தது.

புதிதாக ஒரு நோயாளி வந்தால் மானிட்டரில் ‘புதியவர்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் பழைய ஆளின் விவரம் எல்லாம் அழிந்து, எல்லைகள் கம்பெனி வைத்த இடத்துக்கே திரும்பிவிடும். அதன்பின் அரைமணி நேரத்துக்கு அந்த இயந்திரம் தொட்டதற்கெல்லாம் ஓலமிடும். டாக்டரைத் தேடிப் பிடித்து, அவர் வாயிலிருந்து ஒவ்வொரு எண்ணாக வாங்கி, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பத்துப் படுக்கைக்கு இரண்டு நர்ஸ். யாருக்கு நேரம்? காதக்கா ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். மானிட்டரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரித் துண்டைக் கிழித்துவிட்டு, புதுப் பெயர் எழுதிய துண்டை ஒட்டுவது. அவ்வளவுதான். பொத்தானைத் தொடுவதில்லை. “ஆள் மாறினது நமக்குத் தெரிஞ்சா போதும். மெஷினுக்கு எதுக்கு?” என்பாள். சிரிப்பார்கள். ஆறு வருஷத்தில் எல்லா ஷிப்டும் அப்படியே செய்யத் தொடங்கிவிட்டது.

இயந்திரங்களைப் பழுது பார்ப்பவருக்கு, அங்கே மெஷின்காரர் என்று பெயர், இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு மானிட்டரிலும் ‘புதியவர் வந்தால் புதியவர் பொத்தானை அழுத்தவும்’ என்று அச்சடித்து ஒட்டினார். மறுவாரம் வந்து பார்த்தால் அந்தத் தாள்களின் மேல் பெயர்த் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒலிபெருக்கித் துளைகளின் மேல் மூன்று அடுக்குப் பஞ்சு.

“சிஸ்டர், இது மெஷினோட வாய். வாயை இப்படிப் பொத்துனா அது எப்படிக் கூப்பிடும்?”

“நீங்க இங்க எட்டு மணி நேரம் உக்காந்து பாருங்க மெஷின்காரரே. அதுக்கப்புறம் அதோட வாயைப் பொத்துவீங்களா, கழுத்தை நெரிப்பீங்களான்னு பாப்போம்.”

அவர் பஞ்சைப் பிய்த்து எறிவார். அவர் படி இறங்குவதற்குள் அவள் புதுப் பஞ்சு வைப்பாள்.

ஆறாம் படுக்கையில் மில்லுக்காரர் ஒருவர் இருபத்துநாலு நாள் கிடந்தார். முப்பது வருஷம் மாவு மில் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர். அவருடைய ஆக்ஸிஜன் எண் எண்பத்தாறைத் தாண்டியதே இல்லை. மானிட்டரின் எல்லையோ தொண்ணூறு. நாள் முழுக்க ஓலம். டாக்டரே எல்லையை எண்பதுக்கு இறக்கச் சொன்னார், பிறகு எழுபத்தைந்துக்கு. அதற்கும் கீழே அவர் போவார். இருமல் வந்தால் எழுபத்திரண்டு, எழுபத்தொன்று. மானிட்டர் மூன்று தடவை அடிக்கும், நிற்கும், மூன்று தடவை அடிக்கும். அவர் சளியைத் துப்பிவிட்டு, “ஒண்ணும் இல்லம்மா, நீ உன் வேலையைப் பாரு” என்பார். எண் தானே ஏறும். இருபத்துநாலு நாளும் இப்படித்தான்.

ஒரு காலை ஒன்பது மணிக்கு மில்லுக்காரரைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பத்து மணிக்கு அதே படுக்கைக்கு வயிற்றில் அறுவை முடிந்த ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, தடித்த கழுத்து. வலிக்கு ஊசி போட்டிருந்ததால் குறட்டை விட்டுத் தூங்கினார். எண் தொண்ணூற்றேழு. காதக்கா பழைய துண்டைக் கிழித்துவிட்டுப் புதுத் துண்டை ஒட்டினாள். உள்ளே எல்லை எழுபத்தைந்தாகவே இருந்தது.

டிரைவரின் மகன் வெல்டர். ஆறாம் படுக்கை கண்ணாடிக் கதவை ஒட்டியது. அவன் கதவுக்கு வெளியே நின்று அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினோரு மணிக்கு இன்னொரு நர்ஸ் ஒரு நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு போனாள். காதக்கா தனி ஆள். அப்போதுதான் இரண்டாம் படுக்கையில் கலவரம் தொடங்கியது. அங்கே இருந்தவர் குடியை நிறுத்தி நாலாவது நாள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். கட்டிலில் பாம்பு என்றார். கழுத்தில் செருகியிருந்த குழாயைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ரத்தம் விசிறி அடித்தது. தலையணை, சுவர், காதக்காவின் மூக்குக்கண்ணாடி எல்லாம் சிவப்பு. அவள் அவர் கழுத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்க, அவர் அவள் வயிற்றில் முழங்காலால் ஒரு குத்து விட்டார். அவளுக்கு ஒரு கணம் மூச்சு நின்றுபோனது. ஒரு கையால் அவள் முடியைப் பிடித்துக் கட்டில் கம்பியில் மோதினார். வார்டு அண்ணன் ஓடிவந்து கால்கள்மேல் விழுந்தார். அவருக்கும் தாடையில் ஓர் உதை.

“பாம்பு! பாம்புடி! கையை எடுடி!”

“அண்ணே, காலை விட்றாதீங்க! டாக்டர்! டாக்டர் எங்க?”

அந்த நேரத்தில் அறையின் மறுகோடியில் மூன்று ஒலிகள். நின்றன. மறுபடி மூன்று.

வார்டு அண்ணன் தலையைத் தூக்கினார். “அக்கா, ஆறு கத்துது.”

“ஆறுதானே? தானா அடங்கும். காலைப் பிடிங்க!”

சொன்னவள் காதக்கா. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காதுக்குள் ஆறு என்றால் மில்லுக்காரர், மில்லுக்காரர் என்றால் இருமல். மூன்று ஒலிகள், இடைவெளி, மூன்று ஒலிகள். அவள் துணியை மாற்றினாள், நரம்பைத் தேடி ஊசி குத்தினாள், இரண்டாம் படுக்கைக்காரரின் கை தளர்ந்தது. அப்போது ஆறிலிருந்து வேறு சத்தம் வந்தது. இடைவெளியே இல்லாத ஒரே நீளச் சத்தம். அதைக் கேட்டதும் அவளுக்கு ஆள் மாறியது நினைவு வந்தது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள்.

டிரைவரின் உதடு கறுத்திருந்தது. குறட்டை இல்லை; வலி ஊசியின் மயக்கத்தில் மூச்சே அடங்கியிருந்தது. காதக்கா கட்டிலில் ஏறி முட்டிபோட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். மூன்றாவது அழுத்தில் விலா எலும்பு முறிந்தது கைக்குத் தெரிந்தது. ஐந்தாவதில் இன்னொன்று. நிறுத்தக்கூடாது. டாக்டர் வந்தார், குழாய் போட்டார், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், உடம்பு மேலே எழும்பி விழுந்தது. மறுபடி அழுத்தினாள். முப்பத்திரண்டு நிமிஷம். திரையை இழுக்க யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிக்கு வெளியே மகன் எல்லாவற்றையும் பார்த்தான். அப்பாவின் நெஞ்சின்மேல் ரத்தக்கறையோடு ஒரு பெண் ஏறி உட்கார்ந்து எலும்பை நொறுக்குவதைத்தான் அவன் பார்த்தான்.

டாக்டர் இறந்த நேரத்தைச் சொன்னார். காதக்கா இறங்கினாள்.

கதவு கீல்களோடு ஆடியது. வெல்டர் உள்ளே வந்தான். பின்னால் உறவுக்காரர்கள் நாலு பேர். அவன் முதலில் யாரையும் தொடவில்லை. அப்பாவின் கன்னத்தைத் தட்டினான். “எழுந்திரிப்பா. வீட்டுக்குப் போலாம்.” பிறகு தலைமாட்டில் இருந்த மானிட்டரைப் பார்த்தான். அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கினான். திருகாணிகளோடு காரையும் பெயர்ந்து வந்தது. தரையில் அடித்தான். மறுபடி தூக்கி அடித்தான். கண்ணாடி தெறித்து அவன் மணிக்கட்டைக் கிழித்தது. அவனுக்கு அது தெரியவில்லை. உள்ளிருந்து பச்சைத் தகடு இரண்டாகப் பிளந்து வெளியே வரும்வரை அடித்தான்.

“செத்தப்புறம் கத்துற! இப்ப கத்துற!”

பிறகு குளுக்கோஸ் மாட்டும் கம்பத்தை எடுத்தான். முதல் வீச்சு மருந்து அலமாரியை உடைத்தது. இரண்டாவது காதக்காவின் புருவத்தைப் பிளந்தது. விழுந்தவளின் இடது கையை யாரோ மிதித்தார்கள், பூட்ஸ் கால். இரண்டு விரல்கள் குச்சி ஒடிவதைப் போல ஒடிந்தன. டாக்டரை ஒருவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தி அறைந்துகொண்டிருந்தான். வார்டு அண்ணன் வெல்டரின் முதுகில் தாவி ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஓடுக்கா! ஓடு!” என்று அலறினார். ஆட்கள் இருந்த மற்ற எட்டுப் படுக்கைகளிலும் நாடி எகிறி எட்டு மானிட்டர்களும் ஒன்றாகக் கத்தின. பாதி மயக்கத்தில் இருந்த இரண்டாம் படுக்கைக்காரர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “அப்படிப் போடு” என்று கைதட்டினார்.

போலீஸ் வர இருபது நிமிஷம் ஆனது.

புருவத்தில் ஏழு தையல். விரல்களுக்குக் கட்டு. மறுநாள் நர்ஸுகள் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். பெரிய துணியில் காதக்காவின் வீங்கிய முகம். ஒரு கண் மூடி, மறு கண் சிவந்து. அதன்கீழே ‘எங்களை அடிக்காதே’ என்று எழுதியிருந்தது. அவளுக்கே அது யார் முகமோ என்று இருந்தது. சக நர்ஸுகள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பதினேழு வருஷத்தில் பேசாதவர்கள்கூட வந்து பேசினார்கள்.

ஆறாம் நாள், நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரன் வீட்டுக்கே வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏம்மா, விசாரணைக் குழு போட்டிருக்காங்க. உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. அலாரம் அடிச்சதா?”

காதக்கா கட்டுப் போட்ட விரல்களை மடியில் வைத்தாள்.

“அந்த மெஷின் துண்டுதுண்டாப் போச்சு. உள்ள இருந்த கணக்கும் போச்சு. ஸ்பீக்கர் வேலை செஞ்சுதா இல்லையான்னு இனி ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. அடிக்கலைன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது. நம்ம பிள்ளைங்க எல்லாம் வாசல்ல வெயில்ல உக்காந்திருக்கு. அதுங்க முகத்துல மண்ணை அள்ளிப் போட்றாத.”

“அப்ப மெஷின்காரர்?”

“மெஷின் சரியில்லன்னு அவரை வேலையை விட்டு நிறுத்தி வெச்சிருக்கு. ஆம்பள, எங்கயாவது பொழச்சுக்குவார்.”

மேட்ரன் போன பிறகு வார்டு அண்ணன் கைப்பேசியில் கூப்பிட்டார். தாடை வீங்கியிருந்ததால் குழறினார். “அக்கா, நாளைக்கு முதல்ல என்னைத்தான் கூப்பிடறாங்க. நான் எதையும் கேக்கல. நீயும் எதுவும் சொல்லல. ரெண்டாம் நம்பர்காரன் போட்ட கூச்சல்ல காது அடைச்சுப்போச்சு. என்ன?”

“அண்ணே...”

“வெச்சிட்றேன். வாயை அசைச்சா வலிக்குது.”

அன்று மாலை மெஷின்காரர் வந்தார். சவரம் செய்யாத முகம். கக்கத்தில் பழுதுபார்ப்புப் பதிவேடு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றார்.

“நான் சண்டை போட வரல சிஸ்டர். போன மாசம்தான் ஆறாம் நம்பர் ஸ்பீக்கரைச் சோதிச்சேன். இதோ, என் கையெழுத்து. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. எனக்கே இப்ப சந்தேகம் வந்துருச்சு. ஆறு நாளா தூங்கல. நான்தான் அந்த மனுஷனைக் கொன்னேனான்னு தெரியணும். ஒருவேளை ஒயரைச் சரியா மாட்டலையோ? உங்க காதைப் பத்தி எனக்குத் தெரியும். இந்த விஷயத்துல உங்களைத் தவிர வேற யாரையும் நான் நம்பல. அடிச்சுதா, அடிக்கலையா?”

அவள் வாயைத் திறந்தாள். புருவத் தையல் இழுத்தது. “சார், அது...”

கணவர் உள்ளேயிருந்து வந்தார். அவர் காதில் பாதிதான் விழுந்திருந்தது: கொன்னேன், காது, அடிச்சுதா. மனைவியின் முகத்தையும் வாசலில் நிற்கும் அந்நியனையும் பார்த்தார்.

“யார்ரா நீ? இன்னும் அடிக்கணுமா? போதாதா?”

“சார், நான் ஆஸ்பத்திரி...”

கணவர் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் தள்ளினார். மெஷின்காரர் பின்னாலேயே போய், படி தப்பி, கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்து, பதிவேட்டை விட மனமில்லாமல், பத்துப் படியும் உருண்டார். பின்மண்டை திருப்பத்தில் இருந்த இரும்புக் குழாயில் மோதியது. அந்தச் சத்தத்தைக் காதக்காவால் பிரித்துச் சொல்ல முடிந்தது. எலும்பில் பட்ட சத்தம்.

அவள் இறங்கி ஓடினாள். நல்ல கையால் அவர் தலையைத் தாங்கிக் கண்ணிமையை விரித்துப் பார்த்தாள். நினைவு இருந்தது. ரத்தம் அவள் சேலையில் ஊறியது. அவர் அப்போதும் கேட்டார். “அடிச்சுதா?”

கீழ்வீட்டுக்காரர்கள் ஆட்டோ பிடித்து அவரைக் கொண்டுபோனார்கள். காதக்கா வாளியில் தண்ணீர் எடுத்துவந்து படியைக் கழுவினாள். கணவர் மேலே நின்றார்.

“போலீசுக்குப் போனா நான் பாத்துக்கறேன். நீ பயப்படாத.”

“அடிச்சுதுங்க” என்றாள்.

“என்ன?”

அவள் நிமிர்ந்து, அவருக்குக் கேட்கும்படி, மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தினாள். “மெஷின் அடிச்சுது! எனக்குக் கேட்டுது! நான்தான் போகல!”

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். தன் கைகளைப் பார்த்தார்.

“அப்ப என்னை ஏண்டி தள்ள விட்ட?”

காதக்கா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கடைசிப் படியில் ஊற்றினாள்.

விசாரணை மறுநாள் பத்து மணிக்கு. நீள மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வெளியிலிருந்து வந்த மூத்த டாக்டர், குழுத் தலைவர். ஓரத்தில் சொல்வதைக் கையால் எழுதிக்கொள்ளும் ஓர் எழுத்தர். எதிரே இறந்தவரின் குடும்பம் சார்பில் வெல்டர். ஜாமீனில் வந்திருந்தான். மணிக்கட்டில் தடித்த கட்டு. அவனுக்கும் காதக்காவுக்கும் நடுவே ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வார்டு அண்ணன் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்று நர்ஸுகள், புது நோயாளி வந்தால் தவறாமல் பொத்தானை அழுத்துவோம் என்று ஒரே வார்த்தைகளில் சொல்லியிருந்தார்கள். மேட்ரன் சுவரோரம் நின்று காதக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். மெஷின்காரரின் நாற்காலி காலி. தலையில் தையல் போட்டு, அவரே பழுது பார்க்கும் இயந்திரங்களில் ஒன்றோடு இணைத்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

“அன்னைக்கு ஆறாம் படுக்கையில அலாரம் அடிச்சுதாம்மா?” என்று தலைவர் கேட்டார்.

“அடிச்சுது.”

எழுத்தர் நிமிர்ந்தார். மேட்ரன், “அவளுக்குத் தலையில அடி சார். இன்னும் சரியாகல...” என்று முன்னால் வந்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

காதக்கா சொன்னாள். நிதானமாக, ஷிப்ட் மாறும்போது அடுத்தவளிடம் ஒப்படைக்கிற தொனியில். எல்லை எழுபத்தைந்தில் இருந்தது. அது முந்தைய ஆளின் எல்லை. தொண்ணூறில் இருந்திருந்தால் முன்னமே அடித்திருக்கும். பொத்தானை நான் அழுத்தவில்லை. நாங்கள் யாரும் அழுத்துவதில்லை. அந்த வழக்கத்தை ஆரம்பித்தவள் நான். ஒலிபெருக்கியில் பஞ்சு வைத்தவளும் நான். அப்படியிருந்தும் அடித்தது. எனக்குக் கேட்டது. கேட்டும் போகவில்லை. அங்கே பழைய ஆள்தான் இருக்கிறார் என்று என் காது முடிவுகட்டிவிட்டது.

“இரண்டாம் படுக்கைக்காரர் உங்களைத் தாக்கிக்கிட்டிருந்தார், இல்லையா? உங்களால போயிருக்க முடியுமா?”

“அண்ணனை அனுப்பியிருக்கலாம். அவர் சொன்னார். நான்தான் தடுத்தேன்.”

வெளியே வாசலில் நர்ஸுகள் கோஷம் போடும் சத்தம் வந்தது. அவள் பெயரைத்தான், நிஜப் பெயரை, சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெல்டர் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

“எவ்வளவு நேரம் அடிச்சுது?”

“நாலு நிமிஷம்.”

“எப்படி?”

“மூணு தடவை அடிக்கும். நிக்கும். மறுபடி மூணு.”

அவன் உதடு அசைந்தது. எண்ணுகிறவனைப் போல.

“எனக்கும் கேட்டுதே” என்றான். “நான் கதவுகிட்டதானே நின்னேன். எனக்கும் கேட்டுது. ஆஸ்பத்திரின்னா ஏதாவது கத்திக்கிட்டே இருக்கும்னு நெனச்சேன். உள்ள நீங்கல்லாம் இருக்கீங்கன்னு நெனச்சேன். கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டியிருந்தா... ஒரு தட்டு...”

கட்டுப் போட்ட கையால் மேஜையில் ஓங்கிக் குத்தினான். மறுபடி குத்தினான். மூன்றாவது குத்தில் தையல் விட்டுப்போய்க் கட்டு சிவந்தது. நாலாவதில் ரத்தம் சொட்டாமல் பீய்ச்சியது. போலீஸ்காரர் எழுவதற்குள் காதக்கா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக் கட்டைவிரலால் நரம்பின்மேல் அழுத்தினாள்.

“விடுடி! கையை எடு!” அவன் மறு கை அவள் தோளில் இறங்கியது, பிறகு நெஞ்சில். ஒடிந்த விரல்கள் மேஜை விளிம்பில் இடித்தபோது அவள் கண்ணில் பூச்சி பறந்தது. பிடியை விடவில்லை.

“அசையாதீங்க. இறுக்கிப் பிடிச்சாத்தான் நிக்கும். சார், துணி குடுங்க. எதாவது துணி!”

தலைவர் தன் கைக்குட்டையை நீட்டினார். போலீஸ்காரர் வெல்டரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, அவள் தோளிலேயே நெற்றியை இடித்துக்கொண்டு அழுதான். ஆறுதலுக்காக இல்லை, அங்கே இடிக்க வேறு எதுவும் இல்லை.

ரத்தம் நின்று, அவனைத் தையலுக்கு அழைத்துப்போன பிறகு, எழுத்தர் தன் முன்னால் இருந்த தாள்களைத் தூக்கிப் பிடித்தார். இரண்டும் ரத்தத்தில் நனைந்து ஒட்டியிருந்தன. ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

மேட்ரன் மெல்ல முன்னால் வந்தார். “சார், இவளும் வலியில இருக்கா. ஏதோ குழப்பத்துல பேசிட்டா. இன்னொரு நாள் வெச்சுக்கலாமே. யோசிச்சு, நிதானமா...”

தலைவர் காதக்காவைப் பார்த்தார். “என்னம்மா சொல்றீங்க? இன்னொரு நாள் வரீங்களா?”

அவள் பெயரை வெளியே இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காதக்கா கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். கையில் இருந்த ரத்தத்தைச் சேலையில் துடைத்தாள்.

“வேற தாள் எடுங்க” என்றாள் எழுத்தரிடம். “மறுபடி சொல்றேன்.”